ஜீனத் வைத்துவிட்டுப் போன பை

பை இருக்கிறது. வைத்த இடத்திலேயேதான் இருக்கிறது, எவர்சில்வர் வாளி அடுக்குக்கும் முக்காலிக்கும் நடுவில். பச்சைத் தார்ப்பாய்த் துணியில் தைத்த பெரிய பை, இரண்டு காதையும் சேர்த்துச் சணல் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்தபடி காலை நீட்டினால் தொடலாம். காலை மடக்கி நாற்காலிக்கு அடியில் வைத்திருக்கிறேன், எப்போது மடக்கினேன் என்று தெரியவில்லை. "ஏனுங்ணா, நல்லாருக்கீங்ளா? இத கொஞ்சம் பாத்துக்கோங்ணா, பின்னாடி சந்துல தையக்காரர்கிட்ட ஜாக்கெட் துணி குடுத்துட்டு ஓடியாந்தர்றேன்" என்றாள் ஜீனத். நாலு வருஷம் கழித்து வந்தவள், நேற்று சாயங்காலம்தான் போனவள் மாதிரிப் பேசினாள். "நிலோபருக்கு கல்யாணங்ணா. மாப்ள பேரு இம்தியாஸ். வந்து தவலை பாக்கறேன். ரெண்டு பேரு பேரையும் சேத்து வெட்டணும், நீங்கதான் வெட்டணும், மெசின்ல வேண்டாம்." சொல்லிக்கொண்டே பையை வைத்தாள், வைக்கும்போது முதுகை வளைத்து இரண்டு கையாலும் மெல்ல இறக்கினாள், போய்விட்டாள். பாத்துக்கோங்ணா என்ற சொல்லுக்கு இந்தக் கடைவீதியில் முன்பெல்லாம் ஒரு மரியாதையும் கிடையாது. யார் யாரோ சொல்வார்கள். காய்கறிப் பை, ரேஷன் அரிசி, பிள்ளையின் சைக்கிள், ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல். பாத்திரக்கடை என்றால் இடம் கிடக்கும் என்று ஊருக்கே நினைப்பு. இது கடையா இல்லை பஸ் ஸ்டாண்டில் சாமான் வைக்கிற அறையா என்று நான் சத்தம் போடுவேன், போட்டாலும் வைத்துவிட்டுத்தான் போவார்கள். இப்போது யாரும் வைப்பதில்லை. சத்தம் போடவும் வேலை இல்லை. குண்டு வெடித்த அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இந்தக் கடையில் ஒருவர் நம்பி வைத்துவிட்டுப் போன முதல் பை இதுதான், இதை நான் பாம்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே கம்பத்தில் ஒலிபெருக்கி பேசுகிறது. பொதுமக்கள் கவனத்திற்கு, கேட்பாரற்றுக் கிடக்கும் பை, பெட்டி, டிபன் பாக்ஸ், பொம்மை எதையும் தொட வேண்டாம், உடனே காவல்துறைக்குத் தகவல் தரவும், நன்றி. நல்ல குரல் அந்தப் பெண்ணுக்கு, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரிச் சொல்வாள். ஆனால் இது கேட்பாரற்ற பை இல்லையே அம்மா. கேட்க ஆள் இருக்கிறது. இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

தையல்காரனிடம் அளவு கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும். கூட்டமாக இருக்கும், முகூர்த்த மாதம். அங்கே கூட்டம் இருக்கிறது, இங்கே இல்லை. முன்பு முகூர்த்த மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு வேன் பிடித்து வருவார்கள், மாமன் மச்சான் பங்காளி எல்லோரும், கடைக்குள் நிற்க இடம் இருக்காது, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்து விரலால் சுண்டிச் சுண்டிப் பார்ப்பார்கள். டங் என்று நின்று ஒலித்தால் கனம் சரி. தட்டென்று செத்துப்போனால் தகடு மெலிசு. சத்தத்தை வைத்தே இது பித்தளை, இது வெண்கலம், இது ஒட்டுப் போட்டது என்று கல்லாவிலிருந்து எழாமலே நான் சொல்வேன். இப்போது இரண்டு பேர் வருகிறார்கள், போனில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், வாசலையே பார்த்துக்கொண்டு வாங்குகிறார்கள், பாதிப் பேர் பைபாஸ் பக்கம் ஏசி கடைக்குப் போய்விட்டார்கள், அங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, வாசலில் பையைச் சோதிக்க ஆள் இருக்கிறது. இங்கே தடுப்புக் கம்பி இருக்கிறது. சரக்கு லாரி உள்ளே வர விடமாட்டார்கள், தெருமுனையிலிருந்து தலைச்சுமையாகத்தான் வரும். யாரும் சுண்டிப் பார்ப்பதும் இல்லை. நானே வேண்டாம் என்றேன். குண்டு வெடித்த அடுத்த மாதம் மேல் பலகையிலிருந்து வாளி அடுக்கு ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. எனக்கு இடது காதில் மட்டும்தான் கேட்டது, வலது காதுதான் அந்தச் சனிக்கிழமையோடு போய்விட்டதே. ஆனால் தெருவுக்கு இரண்டு காதிலும் கேட்டது. மொத்தக் கடைவீதியும் ஓடியது. செருப்பை விட்டு, பிள்ளையை விட்டு ஓடியது. ஒரு கிழவி விழுந்து இடுப்பு ஒடிந்து பிறகு எழுந்திருக்கவே இல்லை என்று கேள்வி. வாளிதான் விழுந்தது, வாளிதான் விழுந்தது என்று வாசலில் நின்று கத்தினேன், கேட்க ஆள் இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நடுவில் பழைய வேட்டித் துணி மடித்து வைக்கிறேன். குடத்துக்கும் குடத்துக்கும் நடுவில், தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில். சத்தமே வராத பாத்திரக்கடையை நான்தான் நடத்துகிறேன். யாராவது சிரிக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.

பழைய பாத்திரமாக இருக்கும். வேறென்ன இருக்கும். பாத்திரக்கடைக்குக் கனமான பை வந்தால் பழசு போட்டுப் புதுசு வாங்க வருகிறார்கள் என்று அர்த்தம், இது பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறகு எதற்குக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். பஸ்ஸில் வரும்போது சரியாமல் இருக்கக் கட்டியிருப்பாள். பிறகு ஏன் பழசு கொண்டுவந்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவசரம். அவசரமாகப் போகிறவள் ஏன் அவ்வளவு மெதுவாக இறக்கி வைத்தாள். கனம், அதனால் மெதுவாக. கனம், அதனால்தான் நானும் கேட்கிறேன். எழுந்து கயிற்றை அவிழ்த்துப் பார்த்தால் முடிந்தது. அவிழ்த்தால் வெடிக்கிற மாதிரியும் செய்கிறார்களாம், பேப்பரில் போட்டிருந்தான். சரி, போலீசுக்குச் சொல்லிவிடலாமா. போன ஆவணியில் பலகாரக்கடைக்காரர் சொன்னார், வாசலில் ஒரு பை அநாதையாகக் கிடக்கிறது என்று. நாய் வந்தது, முகமூடி போட்ட ஆட்கள் வந்தார்கள், தெருவை இரண்டு பக்கமும் அடைத்தார்கள், பெரிய முகூர்த்த நாள், ஒரு கடையும் திறக்க விடவில்லை. பைக்குள் கொய்யாப்பழமும் ஒரு பள்ளிக்கூடப் பையனின் சட்டையும் இருந்தன. அவர் கடையில் அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எவனும் டீ குடிப்பதில்லை. சங்கத்தில் கூட்டம் போட்டு, உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போலீசைக் கூப்பிடுங்கள் என்று முடிவு செய்தார்கள். உறுதியாகத் தெரிகிறபோது கூப்பிட நான் இருக்க மாட்டேனே என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை, காபி வந்துவிட்டது. போன் அடிக்கிறது. சாந்தாமணிதான். என் மனைவி முன்பெல்லாம் சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், வரும்போது கறிவேப்பிலை வாங்கி வாருங்கள் என்பாள். இப்போது காலையில் ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, ஒரே கேள்வி. "இருக்கீங்ளா?" "இருக்கேன்." "செரி" என்று வைத்துவிடுவாள். பையைப் பற்றிச் சொல்லவில்லை. சொன்னால் ஓடு என்பாள். ஓடினால் தெரு பார்க்கும். நாச்சிமுத்து ஓடுகிறான் என்றால் போதும், மொத்தத் தெருவும் ஓடும், இன்னொரு கிழவி விழுவாள். உட்கார்ந்திருக்கிறேன். பயம் என்றுகூடச் சொல்ல முடியாது. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்தச் சனிக்கிழமையிலிருந்து உடம்பு முழுக்க அப்படித்தான் இருக்கிறது.

அவள் ஏன் செய்வாள். ஜீனத். பக்கத்துக்குப் பக்கத்துக் கடை, அபுதாகிர் வளையல் கடை, அவன் பொண்டாட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் வளையல் அடுக்கும்போது உடைத்துவிட்டு அழுதவள். நிலோபர் என் கல்லாவுக்குக் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை. மீலாது நபிக்கு நெய்ச்சோறு வரும், பொங்கலுக்கு இங்கிருந்து கரும்பு போகும், எல்லாத் தெருவிலும் நடப்பதுதான், இதைப் போய்ப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதனால் அவள் செய்ய மாட்டாள். ஆனால் அவளுக்குச் செய்யக் காரணம் இருக்கிறதே என்று இன்னொரு குரல் சொல்கிறது, அது செத்துப்போன வலது காதில் சொல்கிறது, அந்தக் காதில் இந்த மாதிரிதான் கேட்கும். குண்டு வைத்தவன் எந்த ஊரோ, எவனோ நாலு பேர், அவர்களைப் பிடித்தும் விட்டார்கள். ஆனால் பிடிப்பதற்குள் அபுதாகிரைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். அவன் கடைக் கண்ணாடியும்தான் அந்தக் குண்டில் உடைந்தது, அவன் நெற்றியிலும்தான் தையல் போட்டிருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்களுக்கு ஒன்றும் இல்லை. வந்தவனுக்கு ஒரு வியாபாரமும் இல்லை. பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் அவன் கடை வந்ததும் தெருவின் அந்தப் பக்கம் மாறி நடந்தார்கள். கல்லெறியவில்லை, திட்டவில்லை, மாறி நடந்தார்கள். வளைகாப்புக்கு வளையல் வாங்க அங்கே போகலாமா என்று சாந்தாமணியின் தங்கை கேட்டபோது சாந்தாமணி பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போனாள். அடுப்பில் பாலே இல்லை. அவன் கொஞ்ச நாள் வெறும் கடையில் உட்கார்ந்து வளையலைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு பூட்டினான். எங்கேயோ சரக்கு ஆட்டோ ஓட்டுகிறான் என்றார்கள். கடையை வாடகைக்குக் கேட்டு ஒருவனும் வரவில்லை, ராசி இல்லையாம். போலீஸ், குண்டு, வெறும் பயம், எல்லாவற்றுக்கும் கணக்கு முடிகிறது, இந்தப் பூட்டின கதவுக்கு மட்டும் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தால் எனக்குக் கோபம் வராதா. வரும். இந்தத் தெருவையே கொளுத்தத் தோன்றும். அதை நினைத்ததும்தான் பை பெரிதாகத் தெரிகிறது. அவள் கெட்டவள் என்று எனக்குப் பயமில்லை. அவளுக்கு நாங்கள் செய்தது எனக்குத் தெரியும், அதுதான் பயம். சீ. சேவல் ஞாபகம் வருகிறது, அதைக் கட்டிப்போட்டுவிட்டுப் போன ஆள் ராத்திரிதான் திரும்ப வந்தான், அதுவரை அது எண்ணெய்ச் சட்டிகளின் மேல் நின்று கூவிக்கொண்டிருந்தது, அபுதாகிர்தான் அதற்குத் தண்ணீர் வைத்தான். பொதுமக்கள் கவனத்திற்கு. நன்றி.

எழுந்துவிட்டேன். எழ வேண்டும் என்று நினைத்ததாக ஞாபகம் இல்லை. பையின் காதைப் பிடித்திருக்கிறேன், கயிறு உள்ளங்கையில் அறுக்கிறது. எங்கே கொண்டுபோவது. கோயில் பக்கம் ஆள் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டி அருகில் பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள், டிரான்ஸ்பார்மர் வேண்டாம். ஆள் இல்லாத இடம் இந்தத் தெருவில் ஒன்றுதான். வாசலைத் தாண்டுகிறேன். வெயில். எனக்கு அறுபது நடக்கிறது, கனத்தில் தோள் இறங்குகிறது, யாராவது என்ன அண்ணா என்று கேட்டால் என்ன சொல்வது, யாரும் கேட்கவில்லை. படிக்கு அருகில் பை முழங்காலில் இடித்தது. உள்ளே டங் என்றது. சின்னச் சத்தம்தான், துணிக்குள்ளிருந்து வந்தது, ஆனால் நின்று ஒலித்தது. இடது காதில் சுத்தமாகக் கேட்டது. பித்தளை. பழைய பித்தளை, கெட்டித் தகடு, வாய் அகலமான தவலை, உள்ளே ஈயம் பூசியது. இப்போதெல்லாம் அந்தக் கனத்தில் செய்வதே இல்லை. சத்தியம் செய்யச் சொன்னால் செய்வேன், கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சொல்வேன். தெரிந்துவிட்டது. உறுதியாகத் தெரிந்துவிட்டது. கால் நிற்கவில்லை. நில் என்று சொல்கிறேன், அது தவலைடா, தவலை, நடக்கிறது. ஒரு கடை தாண்டி அபுதாகிரின் பூட்டின கடைப் படியில், துருப்பிடித்த ஷட்டருக்கு முன்னால், பையை வைத்தேன். மெதுவாகத்தான் வைத்தேன், முதுகை வளைத்து, இரண்டு கையாலும். திரும்பி வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு மூச்சு நன்றாக வந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, மூச்சு அவ்வளவு நன்றாக வந்தது.

போய் எடுத்து வந்துவிடலாம், அவள் வருவதற்குள். எழப் போனேன், அவள் வந்துவிட்டாள். நெற்றி வியர்வையை முக்காட்டால் துடைத்துக்கொண்டே, "லேட்டாயிருச்சுங்ணா, ஒரே கூட்டம்" என்று உள்ளே வந்து முக்காலிக்குப் பக்கத்தில் பார்த்தாள். "பை?" நான் கையை நீட்டிக் காட்டினேன். வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தன் கடைப் படியைப் பார்த்தாள். அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, அது கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு போய் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூக்கிக்கொண்டு வந்தாள். "இடஞ்சலா இருந்துச்சும்மா, அதான்" என்றேன். கடையில் ஒரு மாடு படுக்க இடம் இருந்தது. "செரிங்ணா" என்றாள். கயிற்றை அவிழ்த்தாள், சேலையில் சுற்றியிருந்த தவலையை எடுத்துக் கல்லாமேல் வைத்தாள். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாக அபுதாகிர் ஜீனத் என்று இருந்தது, என் உளி, என் எழுத்து, ஜீ-க்குச் சுழி கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தேன். "பஸ்ல மடில வெச்சிட்டு வந்தேனுங்ணா" என்றாள், கோபமில்லாமல், வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி. "பக்கத்துல இருந்த அம்மா எந்திரிச்சுப் போயி முன்னாடி நின்னுக்கிட்டாங்க. சீட்டு காலியாத்தான் கெடந்துச்சு. தையக்கடைக்குத் தூக்கீட்டுப் போனா அங்கயும் பாப்பாங்க. பாத்திரக்கடைல கனமா ஒரு பை இருந்தா யாரு என்ன நெனைக்கப் போறாங்கன்னுதானுங்ணா இங்க வெச்சேன்."

பழசை எடை போட்டேன், புதுத் தவலையை எடுத்து, துணியை உருவி, அவள் முன்னால் வைத்தேன். இருக்கிறதிலேயே கெட்டியானது. சுண்டிப் பாரும்மா என்றேன், அவள் சுண்டவில்லை, நல்லாருக்குங்ணா என்றாள். பெட்டியிலிருந்து சின்ன உளியையும் சுத்தியலையும் எடுத்தேன், நாலு வருஷமாகத் தொடவில்லை, மெஷின்தான். சாக்பீசால் தவலைக் கழுத்தில் கோடு போட்டேன். இந்தப் பேரை மட்டும் நன்றாக வெட்டிவிட்டால் போதும் என்று இருந்தது. "நிலோபர் இம்தியாஸ், அப்படித்தானம்மா?" ஜீனத் தவலையைத் தன் பக்கம் இழுத்து, முந்தானையால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தாள். "பேரு வேண்டாங்ணா." "காலைல சொன்னியேம்மா." "சொன்னேன். இருக்கட்டுங்ணா. அவங்க போறது வெளியூரு, வாடக வீடு. பேரில்லாம இருந்துட்டா நல்லது." சீர்ப் பாத்திரம் பேர் வெட்டாமல் இந்தக் கடையிலிருந்து போனதில்லை, என் அப்பா காலத்திலும் போனதில்லை. "கல்யாண வீட்ல ஆளாளுக்கு எடுப்பாங்க, மாறிப் போயிரும்மா" என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். "போனாப் போகுதுங்ணா" என்றாள். புதுத் தவலையைச் சேலையில் சுற்றிப் பச்சைப் பைக்குள் வைத்தாள், காதைச் சேர்த்துக் கட்டினாள். இன்னும் இரண்டு மூன்று கடை போக வேண்டும் போலிருக்கிறது, வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். வெச்சிட்டுப் போம்மா, நான் பாத்துக்கறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் பையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பழைய தவலை கல்லாமேல் இருக்கிறது, நாளைக்கு உருக்கப் போய்விடும். விரலால் எழுத்தைத் தடவினேன், புள்ளி ஒவ்வொன்றும் குத்தியது, நாலு வருஷத்தில் விரலுக்கு முதல்முதலாக ஒன்று தெரிந்தது, கண் கலங்கிப் போயிற்று எனக்கு. போன் அடித்தது.

"இருக்கீங்ளா?" என்றாள் சாந்தாமணி.

விரல் இன்னும் எழுத்தின் மேலேயே இருந்தது.

"ஏனுங்க, என்னாச்சு? கேக்குதுங்ளா? இருக்கீங்ளா?"

"நம்ம வளையல் கடை ஜீனத் வந்துச்சு."

"ஜீனத்தா! எத்தன வருசமாச்சு. நல்லாருக்காளா? என்ன சொன்னா?"

"புள்ளைக்குக் கல்யாணமாம். பேரு வெட்ட வேண்டாம்னு சொல்லீட்டுப் போயிருச்சு."